ராகலை: மூடக் கூடாத குழாய்

நானுஓயா

கண்டியில் ரயில் ஏறும்போது மடியில் கிடந்த ஸ்வெட்டரை ஹட்டன் தாண்டியதும் போட்டுக்கொண்டேன். நானுஓயாவில் இறங்கியபோது அதுவும் போதவில்லை. மாலை நான்கு மணிக்கே நிலையத்தில் விளக்கு எரிந்தது. அதைச் சுற்றிப் பனிமூட்டம் பஞ்சுபோல் நின்றது. இடுப்பில் குழந்தையோடு இறங்கிய பெண் ஒருத்தி, முதல் வேலையாகக் குழந்தையின் காதுகளைத் துண்டால் மூடினாள். அதே ஜனவரி மாதத்தில் திருச்சியில் என் வீட்டு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

1885இல் பெரிய ரயில் நானுஓயாவரை வந்தது. அதன் பிறகு இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. 1903, 1904இல் திறந்த பாதை அது. 1940களில் மூடிவிட்டார்கள். எங்கள் அப்பாயி ராகலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவர். எட்டு வயதில் அந்த ரயிலில் போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் நின்று நின்று தண்ணீர் குடிக்கும், குடித்துவிட்டுப் பெருமூச்சு விடும், அந்தச் சூட்டில் கை காய்ச்சிக்கொள்ளப் பிள்ளைகள் ஓடுவோம் என்பார். தோட்டத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அப்பாயி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வழியாகத் திருச்சிக்கு வந்தார். அவருடைய தங்கை ராகலையிலேயே தங்கிவிட்டார்.

நான் திருவெறும்பூர்க்காரன். 1960களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்த பிறகு ஊரைச் சுற்றி எழுந்த பட்டறைகளில் ஒன்றில் 31 வருடம் பைப் பிட்டராக வேலை பார்த்தேன். எங்கள் கையிலிருந்து போன குழாய்கள் பத்து மாடி உயரக் கொதிகலன்களுக்குள் இருக்கின்றன. அப்பாயி பிறந்த இடத்தையும், அங்கே மிஞ்சியிருக்கும் சொந்தங்களையும் பார்க்கத்தான் கிளம்பினேன். அங்கேயும் ஒரு பாய்லர் எனக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கவில்லை.

நுவரெலியா

நுவரெலியாவில் ஒரு மணி நேரம்தான் நின்றேன். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கினேன். ஆவி பறந்தது, ஆனால் நாக்கு சுடவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரம் ஏற ஏற, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். பருப்பு வேக நேரமாகிறது என்று இங்குள்ள பெண்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நகரத்தில் நான் அதிகம் பார்த்தது புகைபோக்கிகளைத்தான். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பழைய வீடுகள் ஒவ்வொன்றின் கூரையிலும் ஒன்றோ இரண்டோ நிற்கின்றன. பங்களா சமையலறையின் இரும்பு அடுப்பு முதுகில் ஒரு தண்ணீர்ப் பெட்டி இருக்கும். சமைக்கிற நெருப்பே குளிக்கிற தண்ணீரையும் காய்ச்சிக் குழாய் வழியே மேலே அனுப்பிவிடும். அந்த அடுப்புக்கு விறகு சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் இருந்த லயத்துக் காம்பராவில் புகைபோக்கி கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூலையில் அடுப்பு, புகை போக ஓட்டுச் சந்து. அப்பாயியின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். திருச்சிக்கு வந்து ஐம்பது வருடமாகியும் அது தெளியவில்லை.

கந்தப்பளை

ராகலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கந்தப்பளை நெருங்கியதும் தேயிலையோடு காய்கறித் தோட்டங்களும் வந்தன. லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட். சாலையோரத்தில் இரண்டு பையன்கள் கரட்டைத் தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவினார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அவர்களுடைய கால்களும் கரட் நிறத்துக்கு வந்திருந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, மூட்டையிலிருந்து ஒரு கரட்டை எடுத்துச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தியாவா நீங்க? பேச்சுல தெரியுது. தின்னுங்க, இனிக்கும்.”

இனித்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் நான் வாங்கும் கேரட்டுக்கு இந்தச் சுவை கிடையாது.

கந்தப்பளைக்கு மேலே ஒரு மேட்டில் ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 1973இல் மூடியதை, 1996இல் ஓட்டலாக மாற்றித் திறந்தார்கள். கொழுந்து வாட்டிய தளங்களில் இப்போது தங்கும் அறைகள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் பனிக்கு நடுவே வெள்ளையாக, வரிசை வரிசையாக ஜன்னல்களோடு தெரிகிறது. பழைய எந்திரத்தை உள்ளேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். “எங்கப்பா அதுலதான் வேலை செஞ்சாரு” என்றும் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

ராகலை

இருட்டிய பிறகு ராகலை. ஒரே நீளக் கடைத்தெரு, இரண்டு பக்கமும் மலை. பஸ் நின்ற இடத்தில் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு சித்தப்பா நின்றிருந்தார். அப்பாயியின் தங்கை மகன், எனக்கு 72 வயதுச் சித்தப்பா. ஒருவரை ஒருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் காய்ப்பு இருந்தது.

“பிட்டர் கைதான். நானும் ஸ்டோருல பிட்டர்தான், மகன். முப்பத்தஞ்சு வருசம்.”

இங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோரு என்பார்கள். அந்த ராத்திரி நாங்கள் இருவரும் சொந்தபந்தக் கதையைவிட வால்வுக் கதையைத்தான் அதிகம் பேசினோம்.

சித்தப்பா மகள் எனக்குத் தங்கை முறை. லயத்துக்கு மேலே சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டி, இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறாள். சாப்பாடு அடுப்பங்கரையிலேயே. தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, மாசி இடித்த சம்பல், லீக்ஸ் வதக்கல், பருப்புக் கறி. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் நேரே என் கையில் வைத்தாள். சூடு உள்ளங்கை வழியாக உடம்புக்கு ஏறியது. எங்கள் ஊரில் சித்திரையில் பட்டறை அடுப்பைக் கண்டால் ஓடுவோம். இங்கே எல்லாரும் நெருப்பைப் பார்த்துத்தான் உட்காருகிறார்கள்.

படுக்கப் போகும்போது தங்கை ஒரு சட்டியில் கரித்தணலை அள்ளிக்கொண்டு வந்தாள். அறைக்குள் வைக்கத்தான். நான் எழுந்து வாங்கி வெளியே வைத்துவிட்டேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூடிய அறையில் தணல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. தலை கனக்கும், தூக்கம் வரும், அதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் குடும்பம் குடும்பமாக இப்படித்தான் போகிறார்கள்.

“அப்ப இந்தக் குளிருக்கு என்ன செய்றது அண்ணே?” என்றாள். “அதுக்குத்தானே பாய்லர் வச்சோம். அதையும் காலையில கொஞ்சம் பாருங்க. ரூம்புல சூடு ஒழுங்கா வரல்ல. பாத்ரூம் குழாயும் ஒழுகுது, ஒரு வாஷர் போட்டுத் தாங்க.”

ஸ்டோரு

காலையில் சித்தப்பா முதலில் தான் வேலை பார்த்த ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். மாடியில் நீள நீளத் தொட்டிகளில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, கடைசியில் டிரையரில் காய வைக்கும்போது 3 சதவீத ஈரம்தான் மிஞ்ச வேண்டும். 100 கிலோ கொழுந்து கொடுத்தால் தூள் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். மீதி எல்லாம் ஆவியாகி இந்த மலைக்காற்றில் கலந்துவிடும். அந்தத் தண்ணீரை விரட்டுவது விறகு.

அசாம் பக்கம் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்டில் தொழிற்சாலை தொடங்கி ‘சிராக்கோ’ என்ற பெயரில் தேயிலை காய வைக்கும் எந்திரம் செய்தார். அதுவரை கரித்தணலுக்கு மேல் தட்டில் பரப்பித்தான் காய வைத்தார்கள். அவர் புகையையும் காற்றையும் பிரித்தார். நெருப்பு குழாய்க்குள் எரியும், காற்று குழாய்க்கு வெளியே சூடாகித் தேயிலைக்குப் போகும். இன்றைக்கும் அடிப்படை அதுதான். சில ஸ்டோருகளில் நடுவே நீராவியோ வெந்நீரோ சூட்டைச் சுமந்துபோகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்பு வாயில் ஓர் இளைஞர் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார். யூக்கலிப்டஸ் கட்டைகளும் சவுக்கும். இவர்கள் சவுக்கு என்பது எங்கள் கடலோரச் சவுக்கு அல்ல, தேயிலைக்கு நிழலாக நட்ட கிரேவிலியா மரம். பிளந்து கூரைக்கு அடியில் அடுக்கியிருந்தார்கள். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் நெருப்பின் பலம் தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடும், மிச்சம் புகையும் தாரும்தான்.

“கரண்ட் போனா என்ன செய்வீங்க, தம்பி?” என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். சுவரில் நீளக் கம்பிக் கொக்கி ஒன்று சாய்ந்திருந்தது. “பேன் நின்னா குழாய் பழுத்துடும், ஐயா. ஜெனரேட்டர் எழும்புறதுக்குள்ள நெருப்ப வெளிய இழுத்துப்போட்டுடுவோம். பிந்தினா இரும்பு கோணிடும்.”

சித்தப்பா அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். “நான் செஞ்சு குடுத்தது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “விறகுக்கு சுவிச்சு கிடையாது, மகன். எங்க ஸ்டோருல எல்லாருக்கும் அது தெரியும். வீட்டுல பாய்லர் வச்சவங்களுக்குத் தெரியல்ல.”

சுவிட்சை அணைத்தால் மின்சார ஹீட்டர் அந்த நொடியே நின்றுவிடும். கேஸும் அப்படித்தான். விறகு அப்படியல்ல. உள்ளே பத்துக் கிலோ கட்டை தணலாக இருந்தால், யார் வேண்டாம் என்றாலும் அது தன் சூட்டை இன்னும் ஒரு மணி நேரமாவது தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு போக வழி வேண்டும். சித்தப்பா வீட்டில் அந்த வழியை அடைத்து வைத்திருந்தார்கள்.

கொல்லை

வீடு மேட்டில், கொல்லை ஆறடி தாழ்வில். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் பாய்லர். 2022இல் கேஸ் கிடைக்காமல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் தவித்தபோது, இனி விறகுதான் என்று முடிவு செய்து மறுவருடம் ஒரு பட்டறையில் செய்து வாங்கியிருக்கிறார்கள். இரட்டைச் சுவர் இரும்புப் பெட்டி. உள்ளே நெருப்பு, சுவர்களுக்கு நடுவே 120 லிட்டர் தண்ணீர். அதிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய். இரண்டு அறைகளிலும் ஜிஐ பைப்பை ஏணிபோல் பற்றவைத்த ரேடியேட்டர்கள். அவற்றுக்குத் தண்ணீர் தள்ள ஒரு சின்ன பம்ப். கூரைமேல் திறந்த தொட்டி. செய்தவர் கைத்திறன் உள்ளவர். பற்றவைப்பு சுத்தமாக இருந்தது. பெட்டியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குழாயைத் தொட்டுக்கொண்டே மேலே போனேன். பாய்லர் உச்சியிலிருந்து ஒரு குழாய் கூரைத் தொட்டிக்குமேல் போய் வளைந்து வாய் திறந்து நிற்க வேண்டும். அதுதான் காற்றுக் குழாய். தண்ணீர் சூடாகி விரியும்போதும், மீறிக் கொதித்து ஆவியாகும்போதும் வெளியேற அது ஒன்றுதான் வழி. குழாய் இருந்தது, வாயும் திறந்திருந்தது. ஆனால் கூரைக்கு ஓரடி கீழே அதில் ஒரு பித்தளை கேட் வால்வு. கைப்பிடியைத் திருப்பினேன், அசையவில்லை. முழுக்க மூடி, சுண்ணாம்பு பிடித்துப் பச்சை பூத்திருந்தது.

“இத யாரு போட்டது?”

தங்கை சொன்னாள்: “கூரை மேல சுடுதண்ணி ஊத்திக்கிட்டே இருந்துச்சு அண்ணே, தகரம் எல்லாம் துரு. பைப் பாஸைக் கூப்பிட்டோம். அவருதான் இதப் போட்டு மூடி வச்சாரு. அதுக்கப்புறம் ஒழுகல்ல.” பைப் பாஸ் என்றால் இங்கே பிளம்பர்.

அப்படியே கீழே வந்து, தொட்டியிலிருந்து பாய்லருக்கு இறங்கும் குளிர்ந்த குழாயைப் பார்த்தேன். அதில் தண்ணீர் திரும்பி மேலே ஏறாமல் தடுக்கும் வால்வு ஒன்று. சேஃப்டி வால்வு எங்கேயும் இல்லை. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய், இரண்டும் அடைபட்டிருந்தன. இந்தக் குழாய்களிலும் பெட்டியிலும் சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர். 15 டிகிரியிலிருந்து 80க்குப் போனால் அது ஐந்தரை லிட்டர் பெருக்கும். தண்ணீரை நசுக்க முடியாது. அந்த ஐந்தரை லிட்டருக்கு இடம் தராவிட்டால் இரும்பைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

அப்படியானால் ஒன்றரை வருடமாக இந்தப் பெட்டி எப்படி வெடிக்காமல் நின்றது? நானும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் குளியலறைப் பக்கம் நடந்தார். அங்கே வெந்நீர்க் குழாய் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷர் தேய்ந்த குழாய். முந்தின ராத்திரி தங்கை என்னிடம் சரிசெய்யச் சொன்னது அதைத்தான். தண்ணீர் பெருகும்போதெல்லாம் அந்த ஒழுகல் வழியேதான் அழுத்தம் போயிருக்கிறது.

சித்தப்பா குழாயைக் கையால் தடவினார். “இந்த ஓட்டக் குழாயில்ல என் பேத்திகளக் காப்பாத்தியிருக்கு” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

நான் அந்த வாஷரை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால், அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியில் நிற்காது, மேலே போகும். 150 டிகிரியில் பெட்டி பிளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே நொடியில் ஆவியாகும். 120 லிட்டர்ப் பெட்டியில் அது பத்துக் கிலோவுக்கு மேல், ஆவியாக 17,000 லிட்டர். கொட்டகை நிற்காது. அதற்கு மேலே இருக்கிற அடுப்பங்கரையும் நிற்காது. எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020இல் மே, ஜூலை என்று இரண்டு தடவை கொதிகலன் விபத்து நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவில் யாரும் சமைக்கவில்லை. அவ்வளவு படிப்பும் கருவியும் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், ஒரு கொல்லைப்புறத்தில் யார் பார்ப்பார்கள்? இந்தியாவின் 1923 கொதிகலன் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக 2025இல் வந்த சட்டத்திலும் சரி, 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் காய்ச்சும் வீட்டுப் பாய்லர் சேராது. இலங்கையின் 1942 தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக் கொதிகலனைப் பார்க்கும், கொல்லைக்கு வராது. வீட்டில் இருப்பவர்களின் கண்தான் இன்ஸ்பெக்டர்.

அந்த பைப் பாஸை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகுகிற குழாயை அடைப்பது அவர் தொழில். ஏன் ஒழுகுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கூரையில் ஏறிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. காற்றுக் குழாய் தொட்டித் தண்ணீருக்கு நாலு விரல் உயரத்தில் வளைந்திருந்தது. பம்ப் திரும்பி வரும் குழாயில் இருந்தது. அது தள்ளுகிற தண்ணீர் நாலு விரலைத் தாண்டிக் கூரையில் கொட்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய செம்பு பாய்லரை நினைத்துக்கொண்டேன். நடுவில் கரி எரியும் குழல், சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியே ஒரு செம்பு வெந்நீர் வரும். ஊற்றினால்தான் வரும். மூக்கில் திருகு கிடையாது. அதை வடிவமைத்த கன்னார் யாரென்று தெரியாது, ஆனால் நெருப்பின்மேல் இருக்கும் தண்ணீரின் வாயைக் கட்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் வேலை

சித்தப்பாவும் நானும் இரண்டு நாள் வேலை செய்தோம். நுவரெலியாவுக்குப் போய்ச் சாமான் வாங்கினோம். கேட் வால்வைக் கழற்றி அந்த இடத்தில் நேர்க் குழாய் போட்டோம். காற்றுக் குழாயை இரண்டடி உயர்த்தி, தொட்டிக்குள்ளேயே கவிழும்படி வளைத்தோம். குளிர்ந்த குழாயிலிருந்த தடுப்பு வால்வையும் எடுத்துவிட்டோம். பம்பை மேலே போகும் குழாய்க்கு மாற்றினோம், காற்றுக் குழாய் பிரியும் இடத்தைத் தாண்டி. பாய்லர் தலையில் ஒரு சேஃப்டி வால்வு, அதன் வாய் ஆள் நடக்காத பக்கம் தரையைப் பார்த்து. பாய்லரை ஒட்டி ஆறடி நீளத்துக்கு பிவிசி பைப் போட்டிருந்தார்கள், கையால் அமுக்கினால் குழைந்தது. அங்கே இரும்புக் குழாய்.

கடைசியாகச் செய்ததுதான் முக்கியம். ஓர் அறையின் ரேடியேட்டரைப் பம்பிலிருந்து பிரித்தோம். பாய்லர் தாழ்வில் இருக்கிறது, அறை மேட்டில். சூடான தண்ணீர் தானே ஏறும், ஆறியது தானே இறங்கும். குழாய் எங்கேயும் தொய்யாமல் ஒரே ஏற்றமாகப் போனால் போதும், நடுவில் காற்று அடைக்காது. கரண்ட் போனால் நெருப்பின் சூடு அந்த வழியாக அறைக்குப் போகட்டும். அந்தக் குழாயில் எந்த வால்வும் வைக்கவில்லை. சித்தப்பா நூல் பிடித்து ஏற்றம் பார்த்தார். 72 வயதில் அவர் கண்ணுக்கு ரசமட்டம் தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டபோது உள்சுவரில் தார் அப்பியிருந்தது. ரேடியேட்டரிலிருந்து சில்லென்று திரும்பும் தண்ணீர் உள்சுவரைக் குளிர வைக்கிறது. புகையிலுள்ள ஈரமும் தாரும் அங்கே படிந்து இரும்பைத் தின்னும், புகைபோக்கியில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். தண்ணீர் 60 டிகிரியைத் தொட்ட பிறகே பம்ப் ஓடும்படி குழாயில் கட்டும் தெர்மோஸ்டாட் ஒன்று பொருத்தினோம். காய்ந்த விறகு மட்டும், நாலு கிலோ போதும், 120 லிட்டருக்கு.

இரண்டாம் நாள் இருட்டும் நேரம் அடுப்பு மூட்டினோம். பிள்ளைகள் மேட்டில் நின்றார்கள், கீழே வரவிடவில்லை. 60இல் பம்ப் ஓடத் தொடங்கியது. 68இல் சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பம்ப் பிளக்கை உருவினார்.

74. 79. யாரும் பேசவில்லை. தேயிலைக்குள் ஏதோ ஒரு பூச்சி கத்திக்கொண்டிருந்தது. 83. கூரையில் காற்றுக் குழாய் ஒரு தடவை கனைத்தது. தங்கை அறைக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னாள்: “அண்ணே, இது சூடாகுது! கரண்ட் இல்லாமலே சூடாகுது!” முள் 84இல் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அதற்கு மேல் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் குளியலறைக் குழாய்க்கு வாஷர் போட்டேன்.

திரும்பும் வழியில்

கிளம்பும் அன்று காலை வெயில் வந்தது. சித்தப்பா நுவரெலியா பஸ்ஸில் என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். ஒரு வளைவில் இறங்கி ஒரு மேட்டைக் காட்டினார். சின்ன ரயில் போன பாதை என்றார். தண்டவாளம் இல்லை, தேயிலைக்கு நடுவே சமமான ஒரு கோடு மட்டும். கொழுந்துக் கூடையோடு பெண்கள் அதன்மேல் நடந்து போனார்கள். அப்பாயி கை காய்ச்சிய இடம் இதில் எங்கோ இருக்கிறது. கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

பிரியும்போது சித்தப்பா அந்தப் பித்தளை கேட் வால்வைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். “திருவெறும்பூர்ல பொடியனுங்களுக்குக் காட்டு” என்றார். என் மேசைமேல் இருக்கிறது. இன்னமும் திருகினால் அசையாது.

நுவரெலியா, பண்டாரவளை, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டிலோ நீங்கள் நடத்தும் விடுதியிலோ விறகு பாய்லர் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். இன்று அடுப்பு மூட்டும் முன் அதன் உச்சியிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே கடைசிவரை போய்ப் பாருங்கள். வழியில் வால்வு ஏதாவது இருந்தால், அது திறந்திருந்தாலும், கழற்றும்வரை நெருப்பு வைக்காதீர்கள்.